பந்து நகரும் முன் எட்டு விநாடி

நவம்பரில் எழுதிய அந்த நாலு வரியை, இன்று காலை பல் தேய்க்கும்போதுகூட, நல்ல வரிகள் என்றுதான் அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றுக்கு ஆள் தேடும் ஸ்கவுட் ஆர்லிஸ் பெக்கம் நினைத்துக்கொண்டிருந்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கின யானைக்கு அது உடனே தெரிந்துவிடும். இவருக்குத் தெரிய இரண்டு மாதம் ஆனது.

அவர் எழுதியது இதுதான்: “கெவாண்டே டின்ஸ்லி, சேஃப்டி. நல்ல வேகம், மோதினால் இடி. ஆனால் மூளை மந்தம். நாலு ஆட்டத்தில் நாலு தடவை ஆளைத் தன் பின்னால் விட்டுவிட்டான். எடுக்க வேண்டாம்.”

சேஃப்டி என்பவன் கடைசிக் காவல். அவனைத் தாண்டினால் வெறும் புல்லும் சுண்ணாம்புக் கோடும்தான். அவன் பின்னால் பந்து போய்விட்டால், முன்னால் பத்து பேர் என்ன கோட்டை விட்டிருந்தாலும் ஊர் அவனைத்தான் திட்டும். ஆர்லிஸும் அப்படித்தான் திட்டியிருந்தார், என்ன, கொஞ்சம் நாகரிகமாக. அதே நாளில், அதே கல்லூரியின் ஓரக் காவல்காரன் ஆண்ட்வான் ரீஸைப் பற்றி “முதல் சுற்றிலேயே எடுக்கலாம், என் பேரை அடகு வைக்கிறேன்” என்று எழுதியிருந்தார். இரண்டு பையன்களும் வடக்கு மிசிசிப்பியில் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், இப்போது ஒரே அறை.

ஏப்ரலில் டிராஃப்ட். தொழில்முறை அணிகள் கல்லூரிப் பையன்களைச் சுற்றுச் சுற்றாகப் பொறுக்கி எடுக்கிற நாள். அதற்கு முன்னோட்டமாக ஜனவரி கடைசியில் பிலாக்ஸி கடற்கரையில் ஒரு காட்சி ஆட்டம். நூறு பையன்களை அழைத்து, திங்கள் முதல் வெள்ளி வரை பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். செவ்வாய்க்கிழமை அவர்களை ஜட்டியோடு மேடையில் நடக்கவிட்டு உயரம், எடை, கை நீளம் எல்லாம் அளப்பார்கள். கீழே முன்னூறு பெரிய மனிதர்கள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். மாட்டுச் சந்தை தோற்றது போங்கள்.

புதன்கிழமை மதியம் ஓட்டல் அறையில் ஆர்லிஸ் இறால் ரொட்டியைக் கடித்துக்கொண்டே மாலை நேர்காணலுக்குத் தயாரானார். பையனுக்கு அவன் சொதப்பின ஆட்டத்தையே போட்டுக் காட்டி “இது யார் தப்பு?” என்று கேட்பது இந்தத் தொழிலின் பழைய சடங்கு. அடுத்தவனைக் கைகாட்டுகிறவன் குணம் கெட்டவன். “என் தப்பு” என்கிறவன் குணசாலி, ஆனால் தப்புக்காரன். எப்படிப் பார்த்தாலும் மாட்டிக்கொள்வது பையன்தான்.

அலுவலகத்தில் வெட்டி அனுப்பிய துண்டுப் படம் திறக்கவில்லை. சனியனே என்று திட்டிவிட்டு முழு ஆட்டத்தையே இறக்கினார். அங்கேதான் வந்தது வினை. துண்டுப் படம் எப்போதும் பந்து நகரும் நொடியில்தான் தொடங்கும். அதற்கு முன்னால் எட்டுப் பத்து விநாடி இருபத்திரண்டு பேரும் நிற்பார்கள், நகர்வார்கள், கை காட்டுவார்கள். அதை உட்கார்ந்து பார்க்க எந்த ஸ்கவுட்டுக்கு நேரம் இருக்கிறது? வருஷத்துக்கு நானூறு பையன்கள். இருபத்தாறு வருடமாக ஆர்லிஸும் பந்து நகர்ந்த பிறகுதான் பார்த்துவந்தார்.

இன்று அந்த எட்டு விநாடியைப் பார்த்தார்.

கெவாண்டே வலது முஷ்டியைத் தூக்கினான். வலப்பக்கம் போகிறவன் உன் ஆள் என்று அர்த்தம். ரீஸ் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினான். புரிந்தது என்று அர்த்தம். ஆனால் கெவாண்டேக்கு அது போதவில்லை. இருபது கஜம் குறுக்கே ஓடிவந்து ரீஸின் தலைக்கவசக் கம்பியைப் பிடித்து, முகத்தோடு முகம் வைத்து மறுபடி சொன்னான். ரீஸ் தலையாட்டினான். பந்து நகர்ந்தது. ரீஸ் இடது பக்கம் ஓடினான். வலது பக்க ஆள் தனியாகப் பறந்தான். கெவாண்டே தன் ஆளை விட்டுவிட்டு அவனைத் துரத்தினான். எட்ட முடியவில்லை. அரங்கம் கெவாண்டேயைத் திட்டியது.

ஆர்லிஸ் ரொட்டியைக் கீழே வைத்தார். அடுத்த ஆட்டம், அதற்கடுத்தது. செப்டம்பர் கடைசி தொடங்கி ஒவ்வொரு ஆட்டத்திலும் இதே கதை. ரீஸ் தொடையைத் தட்டுவான், வேறு பக்கம் போவான், கெவாண்டே ஓடிப்போய் ஓட்டையை அடைப்பான். எண்ணிப் பார்த்தார். முப்பத்தொன்று. அதில் இருபத்தேழு தடவை அடைத்தேவிட்டான். தப்பின நாலைத்தான் ஆர்லிஸ் பார்த்தார், எழுதினார், மூளை மந்தம் என்றார். ஒரே ஆள் இரண்டு பேர் வேலையைப் பார்த்திருக்கிறான். இந்தப் பையனைப் போல ஒரு சேஃப்டியை ஆர்லிஸ் வாழ்நாளில் பார்த்ததில்லை.

“அடப்பாவி மனுஷா” என்று தன்னையே திட்டிக்கொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. அவருடைய மேலாளர் டோன்லீ.

“என்ன பெரிசு, ரீஸ் விஷயத்துல உறுதிதானே? முதலாளிகிட்ட உன் பேரச் சொல்லித்தான் பேசியிருக்கேன். மே மாசம் உன் ஒப்பந்தம் வேற முடியுது. கடைசி நேரத்துல கால வாரிடாத.”

“சாயங்காலம் பேசுறேன்” என்று வைத்துவிட்டார்.

மாலை ஐந்து மணி. ஓட்டலின் பெரிய கூடத்தில் அணிக்கு ஒரு மேஜை. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஊதல் ஊதும். பையன்கள் எழுந்து அடுத்த மேஜைக்கு மாறுவார்கள். கெவாண்டே வந்து உட்கார்ந்தான். கல்யாணத்துக்கு வாங்கியது போன்ற சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தான்.

ஆர்லிஸ் முதல் ஆட்டத்தைப் போட்டுக் காட்டினார். “இது யாரு தப்பு தம்பி?”

“என் தப்பு சார்.”

இரண்டாவது. “இது?”

“என் தப்புதான்.”

“மூணாவது?”

“சார், எனக்குப் பின்னாடி பந்து போச்சுன்னா அது என் தப்பு. அவ்வளவுதான் சார் கணக்கு.”

“முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காத” என்றார் ஆர்லிஸ். படத்தை எட்டு விநாடி பின்னுக்கு இழுத்து ஓடவிட்டார். முஷ்டி, தொடைத் தட்டு, தலைக்கவசக் கம்பி. “முப்பத்தோரு தடவ. நான் எண்ணிட்டேன். அவனுக்கு என்ன ஆச்சு?”

கெவாண்டே சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தான். யாரும் கேட்கவில்லை என்று தெரிந்ததும் குரல் இறங்கியது. “செப்டம்பர்ல ஒரு முட்டி அவன் தலையில அடிச்சது சார். எந்திரிச்சு எதிராளி பெஞ்சுல போய் உக்காந்துட்டான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். நானும் சிரிச்சேன் சார். அதுக்கப்புறம்... சொன்னா தலையாட்டுவான். அடுத்த நிமிஷம் இருக்காது.”

“டாக்டர்?”

“வெரல எண்ணச் சொன்னாங்க. எண்ணிட்டான். நல்ல நாள்ல நல்லாத்தான் இருப்பான் சார்.” மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். “ஏப்ரல் மட்டும் தாண்டட்டும். கையெழுத்துப் போட்டா பெரிய டாக்டருங்க கிடைப்பாங்க. இப்ப தலைன்னு ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா அவன் முடிஞ்சான். உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். முழங்கால் போனால் மன்னிப்பார்கள். அறிக்கையில் தலை என்று வந்துவிட்டால் மறுநாள் எந்த அணியும் அந்தப் பையன் பேரை உச்சரிக்காது.

“உன்ன நான் என்னன்னு எழுதியிருக்கேன் தெரியுமா?”

“எதையாவது எழுதிக்குங்க சார். என் தப்புன்னே எழுதுங்க.”

ஊதல் ஊதியது. கெவாண்டே எழுந்தான், ஆனால் அடுத்த மேஜைக்குப் போகவில்லை. ஏனென்றால் அவன் இடத்தில் வந்து உட்கார்ந்தது ரீஸ். வாயெல்லாம் பல்லாக, கையை நீட்டினான்.

“ஆண்ட்வான் ரீஸ் சார். உங்களப் பாத்ததுல ரொம்ப சந்தோஷம்.”

திங்கட்கிழமை காலை இதே ஓட்டலில், சோளக் கஞ்சியும் முட்டையும் தின்றுகொண்டு, இவனும் அவரும் அரை மணி நேரம் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சுட்ட ‘பை’ என்கிற சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரத்தை நாய் பாதி தின்றுவிட்டதையும், அம்மா அந்த மீதியின் மேல் கிரீமை அப்பி விருந்துக்கு வந்த பாஸ்டருக்கு வைத்ததையும் இவன் சொல்ல, ஆர்லிஸ் கண்ணில் நீர் வரச் சிரித்திருந்தார்.

“வீட்டப் பத்திச் சொல்லு தம்பி” என்றார் இப்போது.

“எங்கம்மா ஒரு ஆளு சார்! ஒரு தடவ சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை சுட்டாங்க, எங்க நாய் என்ன பண்ணிச்சு...” அதே கதை. அதே இடத்தில் நிறுத்தினான், அதே இடத்தில் மேஜையைத் தட்டினான். “பாஸ்டரு இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு சார்!”

பின்னால் நின்ற கெவாண்டே முதல் தடவை கேட்கிறவன் போல உரக்கச் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஆர்லிஸைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை அவர் சாகும்வரை மறக்கமாட்டார். ஆர்லிஸும் சிரித்தார். அந்தப் பதினைந்து நிமிடமும் மூன்று பேரும் சிரித்தார்கள்.

நேர்காணல் முடிந்து கூடம் கலைந்தது. நடைபாதையில் பனிக்கட்டி இயந்திரத்தின் பக்கத்தில் கெவாண்டே காத்திருந்தான்.

“எழுதப் போறீங்களா?”

“நவம்பர்ல எழுதினது என் தப்புன்னு எழுதுவேன். உன்ன ரெண்டாவது சுத்துல எடுக்கணும்னு எழுதுவேன்.”

“அவன?”

“இங்க ஆட்டத்து டாக்டர் மேல நாலாவது மாடியில இருக்கார். முதல்ல அவர்கிட்ட சொல்லுவேன். சனிக்கிழமை அவன் ஆடக்கூடாது.”

கெவாண்டேயின் முகம் கோணியது. “நாலு தடவ நான் என் மேல போட்டுக்கிட்டேன் சார். ஊரே என்னக் காறித் துப்பிச்சு. எங்கப்பா ஒரு மாசம் பேசல. உங்களால ஒரே ஒரு தடவ போட்டுக்க முடியாதா? பாக்கலன்னு இருங்களேன். ரெண்டு மாசமா பாக்காமத்தானே இருந்தீங்க!”

அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது.

“பாக்காம இருந்தது உண்மைதான். அதனால உனக்குப் போச்சு பேரு. பேரத் திருப்பிக் குடுக்கலாம். சனிக்கிழமை இன்னொரு முட்டி அவன் தலையில விழுந்தா, அத யார் மேல போட்டுக்குவ? அவங்கம்மாகிட்ட போய் என் தப்புன்னு சொல்லுவியா?”

கெவாண்டே சுவரில் சாய்ந்து சரிந்து தரையில் உட்கார்ந்தான். நூறு கிலோ எடை. தோள் குலுங்கியது. ஆறடிப் பையன் அழுவதைப் பார்க்க ஆர்லிஸால் முடியவில்லை. இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கூடத்துக் கதவு திறந்தது. ரீஸ் இரண்டு தட்டில் பொரித்த இறாலோடு வந்தான். “டேய், ஏன்டா இடிச்ச புளி மாதிரி இங்க உக்காந்திருக்க? உனக்கும் சேத்து எடுத்துட்டு வந்தேன்.” பிறகு ஆர்லிஸைப் பார்த்தான். மரியாதையாக ஒரு தட்டைக் கீழே வைத்துவிட்டு கையை நீட்டினான். “வணக்கம் சார். ஆண்ட்வான் ரீஸ்.”

ஆர்லிஸ் அந்தக் கையைப் பிடித்தார். விடத் தோன்றவில்லை.

கெவாண்டே சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். “சாப்பாடு அப்புறம்டா. மேல ஒருத்தரப் பாக்கணும். லிஃப்ட் அந்தப் பக்கம்.” பழக்க தோஷம், சொல்லும்போதே வலது முஷ்டி தானாக மேலே போனது.

ரீஸ் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினான். “ஆச்சு மச்சான், கவலப்படாத” என்று சிரித்தான். தட்டைத் தூக்கிக்கொண்டு இடது பக்கம் திரும்பி, நிதானமாக நடந்தான்.

கெவாண்டேயின் கால் ஓடத் துடித்தது. முன்னால் ஒரு அடி வைத்தான். நின்றான். போகிறவனையே பார்த்துக்கொண்டு, நேர்காணலில் சொல்லாததை இப்போது சொன்னான்.

“சார்... அவன் தப்பான பக்கம் போறான்.”