சாவு வீட்டுக் கொடி

வத்தேகமவில் சாவு வீட்டுக்கு யாரும் வழி கேட்க வேண்டியதில்லை. சந்தியிலிருந்து வாசல்வரை கயிறு கட்டி வெள்ளைப் பொலித்தீன் கொடி தொங்கவிட்டிருப்பார்கள். செத்தவர் மண்ணுக்குப் போன பிறகும் கொடி போகாது. கிழிந்து ரோட்டோரக் கானில் விழுந்து மழைத்தண்ணீரை மறித்துக்கொண்டு கிடக்கும். கட்டுவதற்கு ஊரே வரும், கழற்றுவதற்கு ஒரு நாதியும் வராது. கிளறன்ஸ் ஒருவர்தான் குனிந்து பொறுக்குவார்.

பேராதனை ஆஸ்பத்திரியில் கிளாக்கராக இருந்தவர். கடைக்குத் துணிப்பை, மதியச் சோற்றுக்கு வாழையிலை. தப்பித்தவறி வீட்டுக்குள் நுழைந்த பொலித்தீனையும் கழுவிக் காயவைத்துத் திரும்பப் பாவிப்பார். மனைவி டொரதி எந்தச் சாமானைப் பிரித்தாலும் உறையைத் திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டுவாள், அவர் வாங்கிக்கொள்வார். "எனக்கு மட்டும் அந்தக் கொடியைக் கட்டிராதீங்க" என்று மரண உதவிச் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒருநாள் விடியற்காலையில் அவருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது. டொரதிக்கு அழுகை வரவில்லை. மரத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த கொதிக்கிற தேத்தண்ணி கையில் கொட்டியதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

சங்கத்துச் செயலாளர் சுதேஷ் பொலித்தீன் சுருளோடு வந்தான். அவள் வேண்டாமென்றாள். அவன் முகம் தொங்கிப்போனது. கொடியில்லாத ரோட்டைப் பார்த்தால் அண்ணனுக்கு ஆளே இல்லையென்று ஊர் பேசும், சங்கத்துக்கும் கெட்ட பேர் என்றான். துணியில் கட்டலாமென்றால் அன்று பௌர்ணமிப் போயா லீவு, துணிக்கடை பூட்டு.

டொரதி எழுந்து அலுமாரியைத் திறந்தாள். வேலைக்கும் கோயிலுக்கும் அவர் போட்டதெல்லாம் வெள்ளைச் சட்டைதான். ஒவ்வொன்றாக எடுத்துக் கத்தரித்துக் கொடுத்தாள். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. பத்து மணிக்கெல்லாம் சந்திவரை கிளறன்ஸின் கைகளும் கொலர்களும் காற்றில் ஆடின. சுதேஷுக்கே திருப்தி.

அப்போதுதான் உடம்பைப் பதப்படுத்தக் கொண்டுபோயிருந்த மலர்ச்சாலையிலிருந்து போன் வந்தது. உடம்புக்குப் போட ஒரு வெள்ளைச் சட்டை வேண்டுமாம்.

அலுமாரியில் வெறும் ஹேங்கர்கள் தொங்கின. அவள் ரோட்டைக் காட்டினாள். சுதேஷ் தன் வீட்டுக்கு ஓடிப்போய் வந்தான்.

"தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்தது அக்கா. இன்னும் பிரிக்கல."

புதுச் சட்டை பளபளவென்று பொலித்தீன் உறைக்குள் இருந்தது. டொரதி கதிரையில் உட்கார்ந்து பிரித்தாள். சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, உறையைப் பின்னால் நீட்டினாள்.

"இந்தாங்க" என்றாள்.

யாரும் வாங்கவில்லை. அவளும் கையை மடக்கவில்லை. காலையிலிருந்து அவளுக்கு முதன்முதலாக வலித்தது அந்தக் கைதான்.