மூன்று கூட்டம், ஐந்து தாள்

“உன்னை நம்பிக் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறவங்க எத்தனை பேர் தேறுவாங்க?” என்று அக்காவின் கணவர் ஒருநாள் கேட்டபோது, தையல்காரிக்கு அது பாராட்டாகவே பட்டது. விரல் விட்டு எண்ணி, “ஆறு பேர் அத்தான். என்னையும் சேர்த்தா ஏழு” என்றாள்.

அந்த ஏழு பேரும் புதிய அறக்கட்டளையின் உறுப்பினர்கள். ஆபீஸ் வேலை தெரிந்த அத்தான் தலைவர். நடக்க முடியாத பிள்ளைகளுக்கு நடை பழக்குவது அதன் வேலை. மருந்துக்கடைக்காரர் தன் கடையின் மாடியையே அதற்கு எழுதிக் கொடுத்திருந்தார். அவருடைய மகள் அங்கேதான் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் நான்கு எட்டு வைத்தாள்.

வரிவிலக்கு கிடைத்தால்தான் நன்கொடை வரும். விண்ணப்பத்தோடு மூன்று கூட்டங்களின் தீர்மானங்களை வைக்க வேண்டும். ஒரு கூட்டம்கூட நடந்திருக்கவில்லை.

“எல்லாரும் கடையைப் பூட்டிட்டு வந்து உக்காரவா போறாங்க? வெறுந்தாள்ல கையெழுத்து வாங்கிடு. மேலே நான் டைப் பண்ணிக்கறேன்” என்று ஐந்து தாள்களை நீட்டினார் அத்தான்.

அவள் தாளை நீட்டியதும் உறுப்பினர்களில் ஒருவரான முடிதிருத்துபவர் சோப்புக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “என்ன தங்கச்சி, சொத்தை எழுதி வாங்கறியா?”

“இருக்கறது ஒரு சீப்பு. அதுக்கும் பாதிப் பல்லைக் காணோம். அதை வாங்கி நான் என்ன பண்ண, அண்ணே?”

மருந்துக்கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. “நீ கொண்டு வந்தா சரியாத்தாம்மா இருக்கும்.”

விண்ணப்பம் போக வேண்டிய நாள் காலையில் அவள் கோப்பைத் தைத்துக்கொண்டிருந்தாள். தீர்மானங்கள் மூன்றுதான் இருந்தன.

“அத்தான், மிச்சம் ரெண்டு தாள்?”

“தப்பாயிட்டா மாத்தறதுக்கு வாங்கினது.”

“தப்பாகலையே. குடுங்க, கிழிச்சிடலாம்.”

அத்தான் சிரித்தார். தோல்பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார். “ரோட்டு மேல இருக்கற மாடி. நாளைக்கு யாராவது வந்து கேட்டா, ஒவ்வொருத்தரையும் தேடிக்கிட்டுப் போக முடியுமா, சொல்லு?”

ஊசி விரலில் ஏறியதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. அந்தத் தாள்களில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஏழு பேரும் சம்மதித்து மாடியை விற்றதாகக்கூட எழுதலாம்.

மதியமே எல்லோரையும் மாடிக்கு வரவழைத்தாள். அத்தானும் பையோடு வந்தார். கீழே ஒரு லாரி போக, நடைக்கம்பிகள் லேசாக அதிர்ந்து அடங்கின. கூட்டத்தில் பேசியே பழகாதவள் எழுந்து நின்றாள்.

“நடக்காத கூட்டத்துக்குக் கையெழுத்து வாங்கினது நான். தப்பு என்னோடது. இந்த விண்ணப்பம் போகாது. வரிவிலக்கு தள்ளிப் போனாப் போகட்டும். வெறுந்தாள்ல போட்டது எதுவும் செல்லாதுன்னு இப்பவே எழுதறேன். படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க. நல்ல காரியத்துக்கே ஆனாலும், வெறுந்தாள்ல கையெழுத்துப் போட்டா நம்ம வாயை அடுத்தவன்கிட்ட அடகு வச்ச மாதிரி. அப்புறம் அவன் பேசறதெல்லாம் நாம பேசினதாயிடும்.”

மருந்துக்கடைக்காரரின் முகம் வெளுத்துப்போயிருந்தது. முடிதிருத்துபவர் எழுந்து, “தலைவரே, பையைத் திறங்க” என்றார்.

அத்தான் யாரையும் பார்க்கவில்லை. பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.