மலட்டுக் களாவுக்கு ஊற்றிய தண்ணீர்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊருக்கே வாயெல்லாம் பல். முத்துவடிவுக்கு மட்டும் அந்த வருஷம் மழையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. பங்குனிக் கடைசியிலேயே மலையில் பிடித்த மழை, களாச்செடிகள் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து நின்ற நேரம் பார்த்து அடித்து, பூவையெல்லாம் சேற்றில் கொட்டிவிட்டுப் போயிருந்தது. இப்போது ஆனி மாதம். ஐந்தருவிக்கு மேலே சரிவு முழுக்க அலைந்தும் அவள் மடியில் ஒரு கைப் பழம்தான் சேர்ந்திருந்தது. காட்டுப்பழம் பறித்து அருவிக்கரையில் விற்றுப் பிழைப்பவள் அவள். ஆனால் அன்றைக்கு அவள் தேடியது விற்பதற்கல்ல.

தென்காசியில் அவள் பக்கத்து வீட்டுக்காரி சைதூன் பீவி. அவளுடைய மகள் நூர்நிஷாவுக்கு மூன்றாம் மாதம். நாலைந்து வருஷம் ஏங்கித் தரித்த பிள்ளை. மசக்கை என்றால் அப்படியொரு மசக்கை. பச்சைத் தண்ணீர் குடித்தாலும் திரும்பி வந்தது. போன வருஷம் முத்துவடிவு உப்பில் போட்டுக் கொடுத்த களாக்காயைத் தொட்டுக்கொண்டால் மட்டும் கஞ்சி வயிற்றில் நின்றது. அந்த ஜாடியும் காலி. புளியங்குடி எலுமிச்சை, பச்சை மாங்காய், எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னும் நாலு நாள் இப்படியே போனா கரு நிக்காது. தாயி பொழைக்கதே பாடு" என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

அந்த ஒரு கைப் பழத்தை அலசிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பார்க்க ஒவ்வொன்றும் உருண்டு திரண்டுதான் இருந்தது. நூர்நிஷா ஒன்றைக் கடித்தாள். முகம் சுருங்கவில்லை.

"சின்னம்மா, இதுல புளிப்பே இல்ல. தண்ணியா இருக்கு" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது.

சைதூன் பீவி மகளின் வாயைத் துடைத்துவிட்டு வெளியே வந்தாள். குற்றமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது முத்துவடிவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முத்துவடிவுக்கு மகன் பிறந்த மூன்றாம் நாள் அவள் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது, ஒரு பக்கம் நூர்நிஷாவையும் மறுபக்கம் அவனையும் போட்டுப் பால் கொடுத்தவள் இந்த சைதூன் பீவி. அந்தப் பால் இல்லையென்றால் இன்றைக்கு முத்துவடிவுக்கு மகன் ஏது?

அவளை அரித்த சங்கதி இன்னொன்றும் உண்டு. ஊருக்குக் கிழக்கே பாறைப்பொட்டலில், சுடலைமாடன் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு களாச்செடி. இலை மட்டும் சுவர் மாதிரி அடைத்து நிற்கும், ஒரு காய் காய்த்ததை எவரும் கண்டதில்லை. மலட்டுக் களா என்றே பேர். அதன் தூரில் வெள்ளிக்கிழமைதோறும் தண்ணீர் ஊற்றினால், செடி காய்க்கிற அன்றைக்கு ஊற்றியவர்கள் கேட்ட பிள்ளையும் கிடைக்கும் என்று பெண்கள் குடம் குடமாய் ஊற்றுவார்கள். நூர்நிஷாவுக்காக முத்துவடிவும் வருஷக்கணக்கில் ஊற்றினாள். சைதூன் பீவி அதைக் கேலி செய்ததில்லை. "நான் பொட்டல்புதூர் தர்காவுக்குப் போறேன், நீ உன் செடிக்கு ஊத்து. யார் குடுத்தாலும் பிள்ளைதானட்டி" என்பாள்.

இந்த மாசியில் பொட்டல் கிணறு வற்றிப்போனது. மலையில் கொட்டிய மழை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாப் பெண்களும் நிறுத்தினார்கள், முத்துவடிவும் நிறுத்தினாள். அதற்குப் பிறகுதான் நூர்நிஷா உண்டானாள். அப்போது சந்தோஷத்தில் எதுவும் தோன்றவில்லை. இப்போது, பாதியில் விட்டதற்குத்தான் அந்தப் பெண் இந்தப் பாடு படுகிறாளோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

மறுநாள் விடிந்ததும் குடத்தை நிறைத்து இடுப்பில் வைத்துக் கிளம்பினாள்.

"மலட்டுச் செடிக்குச் சீர்வரிசையாக்கும்?" என்றான் புருஷன் பலவேசம், மாட்டுக்கு வைக்கோல் போட்டபடி.

"ஆமா. நீரும் வாரும், மேளம் அடிக்க ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பொட்டலில் வெயில் அப்போதே ஏறியிருந்தது. சாரல் காற்று மட்டும் வந்தது, துளி வரவில்லை. கல்லை நெருங்கியவள் முதலில் செடி செத்துப்போனதென்றே நினைத்தாள். இலை பாதி உதிர்ந்து முள்ளும் குச்சியுமாய் நின்றது. கிட்டே போய்த் தூருக்கு நேராகக் குடத்தைச் சாய்த்தாள். சாய்த்த கை அப்படியே நின்றுவிட்டது.

குச்சிக்குக் குச்சி காய். பொடிக்காய்தான், சுண்டுவிரல் நுனி பருமன். பச்சையும் சிவப்பும் கறுப்புமாய் முள்ளுக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. ஒன்றைப் பறித்துக் கடித்தாள். புளிப்பு காதுவரை ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது.

அவளுக்குச் சட்டென்று விளங்கியது. மலைச்செடி தண்ணீர் மிஞ்சிப்போய்ப் பூவைத் தொலைத்தது, தப்பிய பழமும் சப்பென்று ஆனது. இதுவோ ஊரே ஊற்றிய தண்ணீரில் இலையாய்க் கொழுத்து, காய்க்க நேரமில்லாமல் நின்றிருக்கிறது. தாகத்தில் விட்ட பிறகுதான் பூக்கவே செய்திருக்கிறது. "பாவி, உன்னை மலடாக்கினது நாங்கதானா?" என்று செடியைப் பார்த்துக் கேட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

குடத்துத் தண்ணீரை வயிறு முட்டக் குடித்தாள். மிச்சத்தைத் தள்ளிப் போய்ப் பாறையில் ஊற்றினாள். முள் கையைக் கிழிக்கக் கிழிக்கக் காயைப் பறித்து அதே குடத்தில் நிரப்பிக்கொண்டு திரும்பினாள்.

அன்று மத்தியானம் நாலு காயை உப்பு வைத்து நசுக்கிக் கொடுத்தார்கள். நூர்நிஷாவின் முகம் எட்டுக்கோணலாய்ப் போனது. கஞ்சி உள்ளே போனது, போனது போனபடியே நின்றது. இரண்டு வீடும் சாயங்காலம்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில், "சின்னம்மா, இன்னும் கொஞ்சம் கஞ்சி இருக்கா?" என்று அவள் கேட்டபோது சைதூன் பீவி சுவரில் சாய்ந்து அழுதுவிட்டாள்.

ஒரு வாரத்தில் நூர்நிஷா எழுந்து நடமாடினாள். ஒருநாள் சைதூன் பீவி பித்தளைக் குடம் நிறையத் தண்ணீரோடு முத்துவடிவின் வாசலில் வந்து நின்றாள்.

"கெளம்பு வடிவு. எம் பிள்ள உசிரைக் குடுத்த செடிக்கு என் கையால ஒரு குடம் ஊத்தணும்."

"ஐயோ அக்கா, அது ஒண்ணுதான் வேண்டாம்" என்று முத்துவடிவு குடத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். சைதூன் பீவிக்கு நம்புவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கடைசியில் இருவரும் வெறுங்கையோடு போனார்கள். செடிக்கு முன்னால் ஒருத்தி இரண்டு கையையும் ஏந்தினாள், ஒருத்தி கூப்பினாள்.

அப்போது பார்த்து, என்றைக்கும் இல்லாத வழக்கமாய், பொட்டலில் சாரல் நாலு துளி விழுந்தது. முத்துவடிவு பதறிப்போய் முந்தானையை விரித்துச் செடிக்குமேல் பிடித்தாள்.

"ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருச்சா ஒனக்கு?" என்றாள் சைதூன் பீவி. கேட்டுக்கொண்டே மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள்.