தெருவைப் பார்த்துத் திரும்பிய செருப்பு

எத்தன் கிளம்பிவிட்டான். தொலைக்காட்சித் தொடர் தொடங்கிய நாளிலிருந்து ஒரு விதவையின் வீட்டில், அவளுடைய செத்துப்போன புருஷனின் சிநேகிதன் என்று சொல்லி ஒட்டிக்கொண்டவன் அவன். ஒழுகிய கூரையை அடைத்தான். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது தலைமாட்டிலேயே உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி மாற்றினான். இன்று பீரோவில் இருந்ததையெல்லாம் துடைத்து எடுத்துக்கொண்டு, அவள் தூங்கும்போது பூனைபோல வாசலுக்கு வந்தான். வெளியே ஒரு கால் வைத்தவன் நின்றான். குனிந்து, வீட்டைப் பார்த்துக் கிடந்த அவளுடைய செருப்புகளை எடுத்து, தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தான். ஜோடி கலையாமல் நெருக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான். விளம்பரம் வந்தது.

மாமியார் கட்டிலிலும் மருமகள் தரையிலுமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருமகளுக்குப் பார்சல் கிடங்கில் இரவு வேலை. விடிந்து வந்து விழுந்தால் மதியம்தான் எழுவாள். மறுபடி ஒளிபரப்பாகும் இந்தத் தொடர் ஓடும் நேரம் மட்டும்தான் இருவரும் சண்டை போடாத நேரம். அப்படிப்பட்ட ஓர் எத்தனை இந்த வீடும் பார்த்திருக்கிறது. ஒருத்திக்குப் புருஷன், இன்னொருத்திக்கு மகன்.

தெருவில் அவனுக்குச் சர்க்கரை என்று பெயர். வாயைத் திறந்தால் அவ்வளவு இனிப்பு. வெளிநாட்டில் வேலை வாங்கித் தருகிறேன் என்று நாலு வீட்டில் பணம் வாங்கினான். அதில் ஒரு வீட்டுப் பெரியவர் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டபோது, பெற்ற பிள்ளைகள் ஆளுக்கொரு சாக்குச் சொல்ல, ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்து மூத்திரச் சட்டி எடுத்தவனும் அவன்தான். அவன் ஓடிப்போன பிறகு அந்த வீட்டுக்காரர்களே, "ஏதாச்சும் தகவல் உண்டா?" என்று கேட்பார்கள். உதைக்கத் தேடுகிறார்களா, பார்க்கத் தேடுகிறார்களா என்று அவர்களுக்கே தெரியாது.

கிடங்கை இப்போது வேறு ஊருக்கு மாற்றுகிறார்கள். கூட வருகிறவர்களுக்கு வேலையும் அங்கேயே ஒரு குடியிருப்பும் உண்டு. வராதவர்கள் வீட்டில் உட்கார வேண்டியதுதான். இன்று சாயங்காலத்துக்குள் மேற்பார்வையாளரிடம் பதில் சொல்ல வேண்டும். மாமியார் மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்து பாத்துட்டு, பூட்டு தொங்குதேன்னு திரும்பிப் போயிட்டான்னா?"

"உங்க பிள்ளைக்குப் பூட்டெல்லாம் ஒரு தடையா அத்தை?"

ஒரு வாரமாக இதே பல்லவி. இன்று விளம்பரம் முடிவதற்குள் மாமியார் தொலைக்காட்சியை அணைத்தாள். அப்படி அவள் அணைத்ததே இல்லை.

"செருப்பத் திருப்பி வச்சான், பாத்தியா?"

"வீட்டு வேலை செஞ்சு பழகின கை. குறுக்க கிடந்திருக்கும், நகத்தி வச்சிருப்பான்."

"போடி. நகத்துறவன் காலால தள்ளுவான். இவன் குனிஞ்சான்ல? என்னை எதிர்பாத்து உக்காந்திராத, நீயும் உன் வழியப் பாத்துக் கெளம்புன்னு சொல்லிட்டுப் போறான்." சற்று மூச்சு வாங்கினாள். "கெளம்பலாம். போன் போட்டு வர்றோம்னு சொல்லு."

மருமகளுக்கு அப்பாடா என்றிருந்திருக்க வேண்டும். மாறாக, படி இருக்கிறதென்று நம்பி வைத்த கால் இறங்கிக்கொண்டே போவது போலிருந்தது. கிழவி வாசலை விட்டு நகர மாட்டேங்குது என்று கிடங்கில் சொல்வாள், பக்கத்து வீட்டில் சொல்வாள், வேறு கல்யாணம் பேச வந்த அண்ணனிடமும் அதையே சொல்லித்தான் அனுப்பினாள். காத்திருக்கும் கேவலத்தையெல்லாம் கிழவியின் தலையில் கட்டிவிட்டு, அதன் நிழலில் அவளும் காத்திருந்திருக்கிறாள். இப்போது கிழவி எழுந்துகொண்டாள். நிழலும் கூடவே போய்விட்டது.

செல்போனில் அதே காட்சியைத் தேடி எடுத்தாள். எத்தன் குனிந்தான், திருப்பினான், போனான். இன்னொரு முறை ஓட்டினாள். அவன் முகத்தை எங்கேயுமே காட்டவில்லை. முதுகு மட்டும்தான்.

"வேற மாதிரியும் எடுத்துக்கலாம் அத்தை. முழிச்சதும் செருப்ப மாட்டிக்கிட்டு என் பின்னாலயே வந்துருன்னு சொல்றானோ என்னமோ."

"கூப்பிடுறவன் எழுப்பியிருப்பான்."

"தூக்கம் கெடக் கூடாதுன்னு நெனச்சிருக்கலாம்ல."

மாமியார் அவளை ஒரு தினுசாகப் பார்த்தாள். அவன் ஓடிப்போன மூன்று வருஷத்தில் முதல்முறையாக இவள் யார் என்று பார்ப்பது மாதிரி. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவன் போன அன்னைக்கு நீ வேலைக்குப் போயிருந்த. நான் இதே கட்டில்லதான் படுத்திருந்தேன். கதவு சத்தம் கேட்டுச்சு. தண்ணி குடிக்கப் போறான்னு திரும்பிப் படுத்துட்டேன். என்னையுந்தான் எழுப்பலடி."

மருமகள் அதே செல்போனில் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். அவர் பாதி கேட்கும்போதே அவசரப்பட்டார்.

"சந்தோஷம்மா. குடியிருப்புக்குக் குறிக்கணும். எத்தனை பேரு?"

கட்டிலிலிருந்து மாமியார் இரண்டு விரலைக் காட்டினாள்.

"ஹலோ? எத்தனை பேரும்மா?"

"ரெண்டு பேருதான் சார்." வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஆனா கொஞ்சம் பெரிய ரூமா பாத்துக் குடுங்க."

மாமியார் அது காதில் விழாதவள் போல எழுந்து ஜன்னலருகே போனாள். எதையாவது தொடங்க வேண்டுமே என்று திரைச்சீலையில் கை வைத்தாள். எட்டவில்லை. மருமகள் முக்காலியில் ஏறிக் கம்பியைக் கழற்ற, கிழவி கீழே நின்று துணியை வாங்கிக்கொண்டாள். வருஷக்கணக்கில் மூடியே கிடந்த ஜன்னல் மொட்டையாக நின்றது. வெயில் கூசியது. தெரு கடைசிவரை தெரிந்தது.

முனையில் ஒருவன் பையோடு திரும்பினான். ஒவ்வொரு வீட்டுக் கதவாக நிமிர்ந்து பார்த்துக்கொண்டே வந்தான். நடையைப் பார்த்தாலே தெரிந்தது, அவனில்லை. ஆள் குட்டை வேறு. ஆனாலும் அவன் இவர்கள் வாசலைத் தாண்டி, அடுத்த வாசலையும் தாண்டிப் போகும்வரை ஒருத்தி முக்காலியிலிருந்து இறங்கவில்லை, இன்னொருத்தி கையில் சரிந்துகொண்டிருந்த திரைச்சீலையை மடிக்கவில்லை.