பூட்டிய பக்கங்களின் குறிப்பு

பத்து மணிக்குக் கூட்டம். ஒன்பதே முக்காலுக்கு ஜோதிமணி உள்ளே வந்து, "தேவசேனாக்கா, சாப்டாச்சா?" என்று கத்தினாள். வத்தலக்குண்டிலிருந்து தினமும் பஸ்ஸில் மலையேறி வருகிறவள். காது அடைத்து, அரைமணி நேரத்துக்கு அவள் பேசுவது கொடைக்கானல் ஏரி வரை கேட்கும். நான் இட்லி டப்பாவை மூடி வைத்தேன். இன்னும் கால்மணி நேரத்தில் அவளுடைய பதினாலு மாத உழைப்பைக் குப்பையில் போடச் சொல்லப்போகிறவள் நான்.

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள் எங்களுடையது. உள்ளே ஓடும் கணினி தன் நினைவகத்தின் சில பக்கங்களை யாரும் தொடாதபடி பூட்டிக்கொள்ளும், சிலவற்றைத் திறந்துவிடும். எது பூட்டு, எது திறப்பு என்ற குறிப்பை யார் வைத்திருப்பது என்பதுதான் இன்றைய பஞ்சாயத்து. டிஸ்க், நெட்வொர்க் என்று ஒவ்வொரு பகுதியும் தன் குறிப்பைத் தானே வைத்துக்கொள்ளட்டும் என்று மூன்று வருடத்துக்கு முன் முடிவெடுத்த மகாராணி நான்தான். அதை நம்பித்தான் ஜோதிமணி அந்தக் குறிப்புகளுக்கான நிரல் முழுவதையும் எழுதினாள், அவளுடைய முதல் பெரிய வேலை. போன வாரம் பார்த்தால், ஒரு பகுதி பூட்டு என்று குறித்துவைத்த பக்கத்தை இன்னொன்று திறப்பு என்று நம்பித் தொட, உள்ளே ஓடிய கணினி பொத்தென்று நின்று விழுந்துவிட்டது. குறிப்பு ஒரே இடத்தில், நினைவகப் பகுதியிடமே இருந்திருந்தால் விழுந்திருக்காது.

மேலாளர் தண்டாயுதபாணி திரையில் வந்தார். "சொல்லும்மா தேவசேனா, குறிப்ப யார் பாத்துக்கிறது?"

"நினைவகப் பகுதிதான் சார். முன்னாடி நான் எடுத்த முடிவு தப்பு. ஜோதி மேல ஒரு குத்தமும் இல்ல."

"சரி, மாத்திருவோம்."

இரண்டே நிமிடம். கூட்டம் முடிந்தும் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"அது விழும்னு எனக்குப் பங்குனியிலயே தெரியுங்க்கா," என்றாள்.

"பெறகு ஏன்டி சொல்லல?"

"நீங்க எடுத்த முடிவு. நாலு பேரு முன்னாடி உங்களுக்குத் தலகுனிவாப் போயிருமேன்னு, விழுற எடத்துலெல்லாம் ஒட்டுப் போட்டுக்கிட்டே இருந்தேன். ஒண்ணு விட்டுப்போச்சு."

அடிப் பாவி! இவளிடம் எப்படிச் சொல்வதென்று ஒரு வாரம் வாயைத் திறக்காமல் இருந்ததற்கே நான் துரும்பாகிப் போனேன். இவள் மாதக்கணக்கில் மனசுக்குள் வைத்திருக்கிறாள். கோபமாக வந்தது. திட்ட வாயெடுத்தால் அழுகைதான் வந்தது.

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். அவள் எழுதிய வரிகள் மொத்தமும் அழிப்பதற்காகத் தேர்வாகி நீலமாகக் கிடந்தன.

"நானே அழிக்கலாம்னு பாத்தேன். கை வரல. நீங்க அழுத்திருங்க்கா."

அழிக்கும் விசைமேல் விரலை வைத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஆச்சாக்கா?" என்று கேட்டாள்.