ஆரஞ்சுப் பொத்தான்

அமெரிக்காவின் டுலூத் நகரில் உள்ள எங்கள் மருத்துவமனையின் நோயாளிகளுக்கான இணையதளத்துக்கு மூன்று வாரம் உட்கார்ந்து புது டெம்ப்ளேட், அதாவது பக்க வடிவமைப்பு, செய்தேன். உள்ளே நுழைய அமுக்கும் பழைய ஆரஞ்சுப் பொத்தான் கண்ணை உறுத்தியது. எல்லாப் பொத்தான்களையும் நீலமாக்கினேன். திங்கட்கிழமை வெளியிட்டதிலிருந்து உதவி மேசையில் லொரேனின் தொலைபேசி ஓயவில்லை.

"பொத்தான் மேலயே எழுதியிருக்கு, படிக்கத் தெரியாதா இவங்களுக்கு?" என்று அவளிடம் சண்டைக்குப் போனேன்.

என்னைக் கையமர்த்திவிட்டு, தொலைபேசியில் ஒரு நோயாளியிடம் பேசிக்கொண்டிருந்தாள் லொரேன். "பதினோரு வருஷமா ஆரஞ்சை அமுக்குங்கன்னு நான்தானே சொன்னேன், ஹௌகன்? இல்லைங்க, ஆபரேஷன் பண்ண கண்ணு ஒண்ணும் போயிடலை. இங்க ஒருத்தன் நிறத்தை மாத்திட்டான்."

ஓடிப்போய், நிறங்களைக் குறிக்கும் ஸ்டைல் கோப்பில் ஒரே ஒரு வரியைத் திருத்தி அந்தப் பொத்தானை மறுபடி ஆரஞ்சாக்கினேன். "பக்கத்தைத் திரும்பத் திறக்கச் சொல்லு அவரை!" என்று கத்தினேன்.

"தெரியுதா?" என்றாள் லொரேன் தொலைபேசியில். "அட, இதுக்குப் போய் அழுவாங்களா?"