வேனுக்கு மட்டும் குளிர்

"பெட்ரோல் டேங்குக்கு எதுக்குண்ணே பூட்டு?" என்றார் மெக்கானிக்.

வேன்காரர் இடுப்புச் சாவியைத் தடவிக்கொண்டார். தெருவில் அவருக்குக் 'கறார்' என்று பெயர். கடை கடையாக ரொட்டி இறக்கும் வேன் அவருடையது. பக்கத்தில் நின்ற அவர் மனைவிதான் வாயைத் திறந்தாள்.

"இவர் தங்கச்சி வீட்டுக்காரர்தான் ஓட்டிட்டிருந்தார், தம்பி. பெட்ரோல் நிக்கலைன்னதும், நீதான் உறிஞ்சி விக்கிறேன்னு நடுத்தெருவுல வெச்சுக் கேட்டுட்டார் இவர். அந்த மனுஷன் சாவியை சீட்டு மேல வெச்சுட்டுப் போனவர்தான். தங்கச்சியும் குழந்தையைத் தூக்கிட்டுப் பின்னாலேயே போயிட்டா."

"ரிப்பேருக்கு வந்தியா, கதை சொல்ல வந்தியா?" என்று மனைவியை அதட்டினார் கறார்.

"இப்ப யாருண்ணே ஓட்டறது?"

"நானேதான். டேங்க் சாவி என் இடுப்பை விட்டு இறங்கறதில்ல. அப்பவும் பெட்ரோல் நிக்கல."

"அப்ப இப்ப திருடறது யாரு?"

கறார் முகம் சுண்டிப்போனது.

மெக்கானிக் புகைக்குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். கண்மை மாதிரிக் கரி அப்பியிருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே, கோளாறு காட்டும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தவர், பட்டறை வாசலில் காயும் வெயிலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"எஞ்சினுக்குள்ள போற காத்தோட சூடு மைனஸ் நாற்பதாம்ணே."

"அப்படின்னா?"

"பனிமலையில நிக்கிறதா நினைச்சுக்கிட்டிருக்கு உங்க வேன். குளிருன்னா எஞ்சினுக்குப் பெட்ரோல் கூட வேணும். அதான் ஊத்தோ ஊத்துன்னு ஊத்துது."

"உன் மெஷின் கோளாறா இருக்கும்ப்பா. நல்லாப் பாரு."

அந்த அவசரம் எதற்கு என்று மனைவிக்குப் புரிந்தது. குற்றம் வேனுடையது என்றால் மாப்பிள்ளையுடையது இல்லை.

மெக்கானிக் காற்றுக்குழாயில் சூட்டை அளக்கும் சென்சாரின் பிளக்கைக் கழற்றினார். மைனஸ் நாற்பது அசையவில்லை. பிளக்கின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்தார். எண் கொதிக்கும் சூட்டுக்குத் தாவியது.

"ஒயரும் சரி, என் மெஷினும் சரி. சென்சார்தான் செத்துக் கிடக்கு. ஆனா இதுக்கு லைட் எரிஞ்சிருக்கணுமே!"

டாஷ்போர்டின் மூலையில் கறுப்பு டேப் ஒன்று ஒட்டியிருந்தது. உரித்தார். அடியில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"யாருண்ணே ஒட்டினது?"

கறார் டேப்பை வாங்கிக் கசக்கினார்.

"மாப்பிள்ளை சொல்லத்தான் செஞ்சார்," என்றாள் மனைவி. "லைட் எரியுது மச்சான், காட்டிடலாம்னு. எனக்கே செலவு வைக்கப் பாக்கறியான்னு இவர்தான் ஒட்டினார்."

மெக்கானிக் சுண்டுவிரல் அளவு புதுச் சென்சாரைப் பொருத்தப் போனார். அவள் போனில் நாத்தனாரின் நம்பரை அழுத்திக் கணவன் கையில் திணித்தாள்.

"அம்மாடி, நான்தான். வண்டிக் கோளாறும்மா. மாப்பிள்ளை மேல தப்பில்ல."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்ணே."

"அவர்கிட்ட குடும்மா, ஒரு வார்த்தை பேசிடறேன்."

"வேலைக்குப் போயிருக்கார். வேற ஒருத்தர் வண்டி ஓட்டறார். சாயங்காலம் சாவி குடுக்கறப்போ டேங்கைத் திறந்து, குச்சி விட்டு, முதலாளிக்கு அளவு காட்டிட்டுத்தான் வீட்டுக்கு வர்றார். அவங்க கேக்கல. வேண்டாம்ப்பான்னுகூடச் சொல்லிட்டாங்க. அப்பவும் காட்டறார்."

"நான் நேர்ல வர்றேம்மா. கால்ல வேணா விழறேன்."

"வராதேண்ணே. உன்னைப் பார்த்தா மறுபடி அளக்கற குச்சியைத்தான் தேடுவார்."

போன் அணைந்தது.

மெக்கானிக் ஸ்கேனரில் பழைய கோளாறுப் பதிவை அழித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். புகை இல்லை. மஞ்சள் விளக்கும் இல்லை.

"இனிமே பெட்ரோல் நிக்கும்ணே. அந்தப் பூட்டைக் கழட்டிடுங்க."

கறார் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். கண்ணில் நீர் மறைத்ததில், எத்தனை முறை முயன்றும் பூட்டின் துளைக்குள் போகவில்லை. மனைவி கை நீட்டினாள். "பூட்டினவன் நான்தானே," என்று அவர் தரவில்லை.